நாகலூர் பலாமரத்தடியில் பதினான்கு ஆண்டு நின்ற டாடாமொபைல்: எங்கிருந்து தொடங்குவது?

நாகலூர் மிளகுக்கொடி | நவம்பர் 9

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். அப்பா 1993-இல் வாங்கிய டாடாமொபைல் 206 பிக்கப் ஒன்று, பதினான்கு ஆண்டுகளாக வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நிற்கிறது. அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, டயரைக் காலால் ஓர் உதை உதைத்து, கிலோ 28 ரூபாய் என்றார். விலை சரிதான் என்று ஊரில் சொன்னார்கள். அந்த உதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியை மறுபடி ஓடவைக்கத்தான் மன்றத்தில் இந்த இழை. பதினோரு படங்களும் போட்டிருக்கிறேன்.

நிலவரம் இது. ஓட்டுநர் பக்கத்தில் மிதியடியை எடுத்தால் கீழே புல் தெரிகிறது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பட்டையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். நமத்துப்போன அப்பளத்துக்குள் போவது போல உள்ளே போய்விட்டது. பின்தொட்டியின் முன்மூலைகள் இரண்டிலும் பெயின்ட் மட்டும் நிற்கிறது, அதற்குப் பின்னால் இரும்பு இல்லை. டேஷ்போர்டு பெட்டிக்குள் பல்லி முட்டைகள். எஞ்சின் இறுகிக் கிடக்கிறது; கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு பேர் தொங்கியும் அசையவில்லை.

ஆர்வக்கோளாறில் ஒரு வேலையும் செய்துவிட்டேன். கேபினின் பின்சுவரையும் இடது மட்கார்டையும் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பழைய நீலத்தையே அடித்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அம்மா மட்டும் "அந்த இடத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை போட்டிருக்கலாம்" என்கிறார்.

சங்ககிரி ஸ்டெப்னி | நவம்பர் 9

இரும்புக்காரர் சொன்னதைக் கேளுங்கள். எங்கள் ஊரில் லாரியோடு உறவில்லாத வீடு குறைவு; பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுத வீடுகளும் எனக்குத் தெரியும். வண்டி பாசத்தைத் திருப்பித் தராது, பில்லைத்தான் தரும். 28 என்றால் 31 வரை இழுத்துப் பாருங்கள்.

கஞ்சமலையில் இரும்புக்கல் கிடக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, இரும்பு மண்ணாகிறதே என்று வருந்துகிறீர்கள். அது தாய்வீட்டுக்குத் திரும்புகிறது, போகட்டும் விடுங்கள்.

பட்டறை 72 | நவம்பர் 10

தம்பி, எனக்குக் கொண்டலாம்பட்டியில் பட்டறை. நாற்பது ஆண்டாக டிங்கரிங். நீங்கள் போட்ட படங்களைப் பார்த்தேன். கேபின் தரை, மட்கார்டு, கதவு எல்லாம் தகடு. தகடு போனால் வேறு தகடு வைக்கலாம். சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், போனால்தான் வண்டி போனது. நீங்கள் அனுப்பிய பதினோரு படங்களில் ஒன்றுகூடச் சேஸிஸ் இல்லை.

அரைக் கிலோ சுத்தியல் ஒன்றும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். ஜாக்கியை நம்பிப் போகாதீர்கள், கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். கெட்ட இரும்பு ஈரச்சுவரைத் தட்டியது போலத் 'தொப்' என்று சொல்லும். அந்த இடங்களைக் குறித்துவையுங்கள். பின்பட்டையை (பின்சக்கர வில்பட்டை) தாங்கும் பிராக்கெட், பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், கேபின் உட்காரும் ரப்பர்களின் அடி, ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் இருக்கும் இடம் ஆகிய நான்கையும் இரண்டு முறை தட்டுங்கள்.

அதுவரை பெயின்ட் டப்பாவை மூடி வையுங்கள். பெண் பார்க்கும் முன்பே பந்தல் போட்டிருக்கிறீர்கள்.

நாகலூர் மிளகுக்கொடி | நவம்பர் 15

தட்டிவிட்டேன் ஐயா. சேஸிஸின் நீண்ட இரும்பு இரண்டும் பெரும்பாலும் மணிச்சத்தம்தான். 'தொப்' என்று சொன்ன இடங்கள் இரண்டு: இடப்பக்கம் பின்பட்டையின் முன் பிராக்கெட்டை ஒட்டி ஒரு சாண், வலப்பக்கம் கேபினுக்கு நேர் பின்னால் அரைச் சாண். அங்கே துரு ஏடு ஏடாக வருகிறது. நகத்தால் ஒன்றை எடுத்தால் அடியில் இன்னொன்று. ஓர் ஏட்டைக் கையில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த சருகைவிடக் கொஞ்சம்தான் கனம்.

எனக்குப் புரியாதது ஒன்று. கடற்கரையில் வண்டி துருப்பிடிக்கும் என்பார்கள். எங்கள் மலையில் கடல் ஏது? அதுவும் சேறு அடிக்கும் முன்பக்கம் நன்றாக இருக்க, கேபினின் முதுகும் தொட்டியின் முன்மூலையும் ஏன் போயிருக்கின்றன?

மேட்டூர் பியூரெட் | நவம்பர் 15

மேட்டூரில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே கேள்வி: தொட்டியில் என்ன ஏற்றினார்கள்?

நாகலூர் மிளகுக்கொடி | நவம்பர் 15

காப்பிப் பழம், சில்வர் ஓக் கட்டை, மிளகு, ஆட்கள். எல்லாவற்றையும்விட உரமூட்டைதான் அதிகம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் அப்பாதான் சேலத்திலிருந்து ஏற்றிவருவார். யூரியாவும் பொட்டாஷும். கனமான மூட்டைகளைக் கேபினை ஒட்டி அடுக்குவார்.

மேட்டூர் பியூரெட் | நவம்பர் 16

உங்கள் கடல் கிடைத்துவிட்டது.

பொட்டாஷ் என்று கடையில் வாங்குவது பெரும்பாலும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குப் பெரியப்பா மகன். அதன் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது தொட்டியின் மூலை இடுக்கில் இறங்கி, சேஸிஸின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. மற்றதை உங்கள் ஊர் மூடுபனி பார்த்துக்கொண்டது. கடற்கரையில் உப்பு காற்றில் வந்து படியும். உங்கள் வண்டிக்கு அது மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது.

குளோரைடின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது இரும்போடு சேர்ந்து இரும்பு குளோரைடு ஆகும். அது ஈரத்திலும் காற்றிலும் துருவாக மாறும்போது குளோரைடு மறுபடி விடுதலையாகி, பக்கத்து இரும்பிடம் போகும். மாட்டுச்சந்தைத் தரகர் மாதிரி: பேரத்தை முடித்துவைப்பார், கைக்காசு ஒன்றும் போடமாட்டார், அடுத்த பேரத்துக்கு அங்கேயே நிற்பார். அதனால்தான் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாகத் தேய்த்த பிறகும் குழிகளின் அடியில் அவர் இருப்பார். மேலே பெயின்ட் அடித்தால் அவருக்குக் கூரை போட்டுக் கொடுத்ததாகும்.

நீங்கள் நீலம் அடித்த இரண்டு இடங்களில், மட்கார்டு கொஞ்ச காலம் தாங்கும். கேபினின் பின்சுவர் பொங்கலுக்குள் கொப்புளம் விடும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரி ஸ்டெப்னி | நவம்பர் 16

ஐயா வண்டிக்கு ஜாதகம் எழுதுகிறார்.

ஆத்தூர் டீச்சர் | நவம்பர் 17

வேதியியல் ஆசிரியையாக ஒரு சேர்க்கை. உப்பு போய்விட்டதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் செய்வதுதான்: கழுவிய நீரில் கொஞ்சம் வடிகட்டி எடுத்து, ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். குளோரைடு இருந்தால் வெள்ளையாகத் திரியும். ரசாயனம் விற்கும் கடைகளில் சிறு புட்டி கிடைக்கும். கையில் பட்டால் கறுத்துவிடும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீரைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் சோதித்தால் அதுவே திரிந்துவிடும். உங்களுக்கு மலையில் மழைநீர் இருக்கிறது. அதைப் பிடித்து வையுங்கள், உப்பைக் கழுவ அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

நாகலூர் மிளகுக்கொடி | நவம்பர் 30

இரண்டு டிரம் மழைநீர் பிடித்தேன். தொட்டியைக் கழற்றி இறக்கியாயிற்று. அதன் பதினான்கு போல்ட்டுகளில் ஒன்பதை அறுக்க வேண்டியிருந்தது. ஏடாக இருந்த துருவையெல்லாம் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டு, காப்பி காய்ச்சும் அண்டாவில் வெந்நீர் வைத்து (அம்மாவுக்குத் தெரியாது), ஊற்றி, பிரஷால் தேய்த்து, அடியில் தட்டு வைத்துப் பிடித்தேன்.

முதல் கழுவல்: சொட்டு விட்டதும் மோராகிவிட்டது. கேலி செய்ய எனக்கே வார்த்தை வரவில்லை. அப்பா கடைசியாக உரம் ஏற்றிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருக்கும், அந்த உப்பு இன்னும் அங்கேயே இருந்திருக்கிறது. மூன்றாவது கழுவல், தண்ணீர் கலந்த மோர். ஐந்தாவது, அரிசி களைந்த கடைசித் தண்ணீர் போல. எட்டாவதில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் ஒரு புகை தெரிந்தது. பத்தாவதில் அதுவும் இல்லை.

கழுவிய ஒரு மணி நேரத்தில் எல்லா இடமும் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. பயப்படலாமா?

மேட்டூர் பியூரெட் | நவம்பர் 30

வேண்டாம். அது மேலோட்டமான புதுத்துரு, அடுத்த கட்டத்தில் பிரஷுக்குப் போய்விடும். நன்றாகக் காய விடுங்கள். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசுவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் எச்சத்தைக் கழுவி உலர்த்தாமல் மேலே எபாக்சி பிரைமர் அடித்தால் எபாக்சி சரியாகப் பிடிக்காது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டில் ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டால், நான் எபாக்சியைத்தான் சொல்வேன். ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்குச் சரி.

அயோத்தியாப்பட்டணம் ஆம்பியர் | டிசம்பர் 2

சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. டிரம்மில் சலவைச் சோடா கலந்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்துக்கும், நேர்முனையை ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கும் கொடுங்கள். சேலத்தில் இரும்பாலை இருக்கும்போது ஸ்டெயின்லெஸ் துண்டுக்கா பஞ்சம்? எத்தனை நாள் ஆனாலும் கரையாது.

மேட்டூர் பியூரெட் | டிசம்பர் 2

ஸ்டெயின்லெஸ் கூடாது. இதை மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொல்கிறேன். கரையாது என்பது தவறு, கரையும். அதிலுள்ள குரோமியம் நேர்முனையில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாகத் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் மஞ்சளாவது அதன் அடையாளம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அந்த டிரம்மை நாகலூரில் எங்கே கவிழ்ப்பீர்கள்? ஓடையிலா, காப்பிச் செடிக்கா?

கட்டடம் கட்டும் சாதாரணக் கம்பியே போதும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சலவைச் சோடா மட்டும் போடுங்கள். வேகமாக வேலை நடக்கட்டும் என்று சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். எதிர்முனையில் ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்தவெளியில் வையுங்கள், பீடி பிடிப்பவரைப் பக்கத்தில் விடாதீர்கள், கையை விடும் முன் சார்ஜரை அணையுங்கள். வில்பட்டைகளையும் ஸ்பிரிங்குகளையும் இதில் போடவே கூடாது. கடினமாக்கிய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் கண்ணாடி மாதிரி முறியும்.

ஆத்தூர் டீச்சர் | டிசம்பர் 3

நட்டு போல்ட்டுக்கு இத்தனை மின்சாரம் எதற்கு? பழம்புளியைக் கரைத்து ஒரு வாளியில் ஊற்றி இரண்டு நாள் ஊறப்போடுங்கள். குத்துவிளக்குக்குச் செய்வதை இரும்புக்கும் செய்யலாம். பிறகு கழுவி உடனே எண்ணெய் தடவ வேண்டும்.

நெத்திமேடு நாசில் | டிசம்பர் 5

எஞ்சினைப் பற்றி யாரும் பேசவில்லையே. டீசல் மெக்கானிக் நான். 1988-இல் டாடாமொபைல் வந்தபோது அதில் இருந்தது பெஜோ வழி வந்த 1,948 சிசி எஞ்சின். பிறகு சியரா, எஸ்டேட், 1994-இல் வந்த முதல் சுமோ எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதுவேதான். அதனால் கேஸ்கெட், ரிங் செட் கிடைக்காது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேபின் கண்ணாடியும் விளிம்பு ரப்பரும்தான் உங்களை அலைய வைக்கும்.

இறுகிய எஞ்சினோடு மல்லுக்கட்டாதீர்கள். நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றுங்கள். அசிட்டோனும் ஏ.டி.எஃப். (தானியங்கி கியர்பாக்ஸ்) எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு டம்ளர் ஊற்றுங்கள். துணியால் மூடிவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் சேருங்கள். புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஒரே பக்கமாகத் தொங்காதீர்கள். சுற்றத் தொடங்கிய பிறகும் பிளக்குகளை மாட்டாமல் சில சுற்றுச் சுற்றி எண்ணெயை வெளியேற்றுங்கள். எண்ணெய் அழுந்தாது, மூடிய சிலிண்டரில் அது இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

நாகலூர் மிளகுக்கொடி | டிசம்பர் 19

பன்னிரண்டு நாள் ஆயின. காப்பிப் பழம் பறிக்கும் பருவம், பகலெல்லாம் தோட்டம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு டார்ச்சோடு போய் ஸ்பேனரை ஆட்டுவேன். நேற்றும் அசையாத மாதிரிதான் இருந்தது. திரும்பும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், சாக்பீஸ் கோடு ஒரு நகக்கண் அளவு தள்ளியிருந்தது. நானே கோணலாகப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகம். மறுபடி ஆட்டினேன். 'கிர்ர்' என்று, தேங்காய் துருவியைக் கல்லில் தேய்த்த மாதிரி ஒரு சத்தம், இன்னொரு நகக்கண். இன்று காலையில் முழுச் சுற்றுச் சுற்றியது. முதல் துளையிலிருந்து கறுப்பு எண்ணெய் என் சட்டையிலேயே பீச்சியது.

சட்டையை அம்மா இன்னும் பார்க்கவில்லை.

நெத்திமேடு நாசில் | டிசம்பர் 19

நல்ல செய்தி. உடனே ஸ்டார்ட் செய்யத் துடிக்கும் கையைக் கட்டி வையுங்கள். பழைய டீசல் டாங்கில் இருந்தால் அது இப்போது வார்னிஷ். டாங்கைக் கழற்றி, உள்ளே ஒரு கைப்பிடி அளவு நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். ஓட்டை இருந்தாலும் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள், காலி டாங்குதான் ஆளைக் கொல்லும். டீசல் பம்பையும் நாசில்களையும் சோதனைப் பெஞ்ச் இருக்கும் கடைக்கு அனுப்புங்கள். பழையவர்கள் மைக்கோ பம்ப் என்பார்கள். 1951-இல் தொடங்கிய அந்தப் பெங்களூர் நிறுவனம்தான் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்று உள்ளே போகும் வாயருகே ஒருவரைத் தடித்த பலகையோடு நிறுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயையே எரித்துக்கொண்டு டீசல் எஞ்சின் தறிகெட்டு ஓடினால் சாவியைத் திருப்பிப் பயனில்லை. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்காதீர்கள், பலகை.

நாகலூர் மிளகுக்கொடி | ஜனவரி 13

மேட்டூர் ஐயாவுக்கு. நாளை மறுநாள் பொங்கல். கேபினின் பின்சுவரில் இன்று காலை எண்ணினேன், ஏழு கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினேன், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர், அதன் அடியில் செம்பழுப்பு. மட்கார்டு அப்படியே இருக்கிறது.

மேட்டூர் பியூரெட் | ஜனவரி 13

தண்ணீரும் உப்பு இழுத்ததுதான். பெயின்ட் வழியே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பொங்கல் வாழ்த்துகள். சுரண்டி எடுத்துவிட்டுப் பத்து முறை கழுவுங்கள்.

பட்டறை 72 | ஜனவரி 17

இப்போது வெல்டிங். கேபினுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மில்லி கறுப்புத் தகடு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு பளபளவென்று இருக்கும், துருவும் பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வார். அதன் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகி, ராத்திரி குளிர்காய்ச்சல் போல ஆளை உலுக்கும். நான் பட்டிருக்கிறேன்.

கேபினுக்கு சி.ஓ.2 கேஸ் விட்டுச் செய்யும் வெல்டிங்தான். சாதாரண ஆர்க் மெஷினில் பத்தாம் கேஜ் ராடைப் போட்டுத் தொட்டால் தகட்டில் ஓட்டைதான் விழும். ஒரே இழுப்பில் கோடு போடாதீர்கள். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒன்று. இல்லையென்றால் தகடு அப்பளம் பொரிந்த மாதிரி நெளியும். மலைக்காற்று கேஸைத் தள்ளிவிடும், மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள். பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

சேஸிஸ் வேறு கதை. துருவை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் தகடு வைக்க வேண்டும். மேலே வைக்கும் தகட்டின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். பட்டம் மாதிரி, முனை நீண்டு கூராகப் போகட்டும். செங்குத்தாக வெல்டிங் கோடு விழுந்தால் பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே விரியும். மேல் கீழ் விளிம்புகளின் குறுக்கே வெல்டிங் வைக்கவே கூடாது. சேஸிஸை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள் தம்பி. தெரிந்தவர் கையால் நடக்கட்டும்.

நாகலூர் மிளகுக்கொடி | பிப்ரவரி 8

ஐயா, திட்டுங்கள். சேஸிஸுக்கு ஆள் வைத்தேன், அது நன்றாக முடிந்தது. கேபினை நானே செய்தேன். இரண்டு பக்கக் கதவுப் பட்டைகளையும் தரையையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்டேன், சுத்தமாக இருக்கும் என்று. மறுநாள் புதுத் தகடு வைத்து அழகாகப் புள்ளி புள்ளியாகவே வெல்டு வைத்தேன். ஓட்டுநர் கதவு மூடவில்லை. மேலே விரல் நுழைகிறது, கீழே தகட்டை உரசுகிறது.

பட்டறை 72 | பிப்ரவரி 8

நான்கு கால் கட்டிலில் இரண்டு காலை ஒரே நேரத்தில் வெட்டினால் கட்டில் என்ன செய்யும்? கதவு வாசலில் குறுக்காக ஒரு ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கம் வெட்ட வேண்டும். நான் சொல்லாமல் விட்டது என் தப்பும்தான்; எனக்குக் கை தானாகச் செய்வதால் வாயில் வரவில்லை.

ஓட்டுநர் பக்கப் புள்ளிகளை அறுத்து விடுங்கள். கதவை மாட்டி, மூடி, சுற்றிலும் ஒரே இடைவெளி வரும்வரை கேபினை ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். கதவை மூடிவைத்தபடியே மறுபடி புள்ளி வையுங்கள். கதவுதான் உங்கள் அளவுகோல்.

சூரமங்கலம் சுற்றறிக்கை | பிப்ரவரி 10

எல்லோரும் இரும்பையே பேசுகிறீர்கள். காகிதமும் துருப்பிடிக்கும். ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் அப்பா பெயரில்தானே? உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. காலம் கடந்துவிட்டதால் அபராதத்தோடுதான் நடக்கும். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சரக்கு வண்டி என்றால் இந்த வயதில் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான கட்டணம் பல மடங்காகிவிட்டது, பசுமை வரியும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, உங்கள் ஆர்.சி.யில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசலுக்குத் தடை என்று யாராவது பயமுறுத்தினால், அது அந்த வட்டாரத்துக்கு. வின்டேஜ் என்று பதிவு செய்யலாமே என்று கேட்காதீர்கள், அதற்கு 50 வயது ஆக வேண்டும்.

சங்ககிரி ஸ்டெப்னி | பிப்ரவரி 11

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இனி எடைக்குப் போடச் சொல்ல எனக்கும் மனமில்லை. எங்கள் பக்கம் சேஸிஸுக்குள் பழைய எஞ்சின் ஆயிலை டீசலில் கலந்து அடித்துவிடுவார்கள். இருபது ஆண்டு நிற்கும்.

மேட்டூர் பியூரெட் | பிப்ரவரி 11

நிற்கும், ரப்பர் புஷ்கள் நிற்காது. பழைய ஆயிலில் அமிலமும் அழுக்கும் உண்டு, ரப்பர் ஊதிப்போகும். சொட்டுவது பிரேக் டிரம்மில் விழுந்தால் மலைச்சாலையில் வேறு கதை. சேஸிஸ், கதவு போன்றவற்றின் உள்வெற்றிடங்களில் அடிக்கும் மெழுகு வாங்கி அடியுங்கள். அடித்த பிறகு கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். அவை அடைபட்டதால்தான் உங்கள் கதவு உள்ளிருந்து அழுகியது.

நாகலூர் மிளகுக்கொடி | மார்ச் 23

கதவு மூடுகிறது. அறுத்து, தூக்கி, மறுபடி வைத்ததில் ஒரு வாரம் போனது. இப்போது ஒற்றை விரலால் தள்ளினால் 'டொக்' என்கிறது. இதைச் சொல்லத்தான் இன்று இழைக்கே வந்தேன்.

பெயின்ட் விஷயத்தில் இந்த முறை அவசரப்படவில்லை. மார்ச் வெயிலில் காலை பதினொரு மணிக்கு மேல்தான் எபாக்சி தொட்டேன், மூன்று மணிக்கு நிறுத்தினேன். நவம்பரில் காலை ஏழு மணிக்கு, பனி சொட்டச் சொட்ட அடித்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரும்பைக் கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன் மேல் இருக்கிறது என்று ஆத்தூர் டீச்சர் தனியாக எழுதியிருந்தார்.

எஞ்சின் மூன்றாம் தேதி ஓடியது. பலகையோடு நின்றது அம்மா. வேறு யாரையும் நம்ப மாட்டேன் என்றுவிட்டார். பம்பில் காற்றெடுக்கக் கைவலிக்க அரை மணி நேரம் அடித்தோம். தளர்த்திய நட்டில் நுரை நின்று தெளிவான டீசல் வந்ததும் இறுக்கி, ஹீட்டர் போட்டு, மூன்றாவது முறை பிடித்தது. வெண்புகையில் பலாமரமே தெரியவில்லை. பலகைக்கு வேலை வரவில்லை. புகை அடங்கும்வரை அம்மா அதைக் கீழே வைக்கவும் இல்லை.

நெத்திமேடு நாசில் | மார்ச் 23

மகிழ்ச்சி. பிரேக்?

நாகலூர் மிளகுக்கொடி | மார்ச் 24

மிதித்தால் நிற்கிறது அண்ணா.

நெத்திமேடு நாசில் | மார்ச் 24

சமதளத்தில் நிற்கும். உங்கள் வீட்டிலிருந்து அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பிரேக் பைப்பைத் தாங்கும் கிளிப்புகளைக் கழற்றிப் பாருங்கள், கிளிப்புக்கு அடியில்தான் பைப் அரித்திருக்கும்; மேலே கறுப்பாக நன்றாகத் தெரியும். எல்லாப் பைப்பும் புதிது, ஹோஸ் புதிது, மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டர்களிலும் ரப்பர் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பதினான்கு வயது ஆயிலில் தண்ணீர் இருக்கிறது. இறக்கத்தில் சூடேறினால் அது ஆவியாகும், மிதி தரைவரை போகும். அதன் பிறகு நீங்களும் போவீர்கள்.

இது முடியும்வரை வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுக்காதீர்கள்.

நாகலூர் மிளகுக்கொடி | மார்ச் 29

கிளிப்பைக் கழற்றினேன். பின் அச்சுக்குப் போகும் பைப்பை விரலால் வளைத்தேன், ஒடிந்து கையோடு வந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன். இதை மிதித்துத்தான் 'நிற்கிறது' என்று எழுதினேன்.

நாகலூர் மிளகுக்கொடி | மே 11

எஃப்.சி. ஆகிவிட்டது. இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்; ஒருமுறை பின்விளக்கு, ஒருமுறை ஒளிரும் ஒட்டுப்பட்டை. மூன்றாம் முறை அங்கிருந்த ஒருவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மறுபடியும் திறந்து மூடினார். அது சோதனையில் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

கணக்கு கேட்டவர்களுக்கு: இரும்புக்காரர் தருவதாகச் சொன்னதைப் போல நான்கு மடங்கு செலவாகிவிட்டது. சங்ககிரிக்காரர் சிரித்துக்கொள்ளலாம்.

நேற்று அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு மலையிறங்கினேன். முழுக்க இரண்டாம் கியர், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். அடிவாரத்தில் இறங்கி நான்கு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தேன். நான்கும் ஒரே சூடு. திரும்பும்போது எட்டு மூட்டை உரம் ஏற்றிவந்தேன். அடியில் தார்ப்பாய் விரித்துத்தான்.

ஒரே ஒரு தொந்தரவு. இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கிறது. ஏறும்போது ஒவ்வொரு இடது வளைவிலும் அடித்தது. எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாரும் கையைக் காட்டி வழிவிட்டார்கள். அம்மா ஜன்னல் வழியாக எல்லோருக்கும் திருப்பிக் கையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பட்டறை 72 | மே 11

ஸ்டியரிங் தண்டுக்குள் ஹார்ன் ஒயர் தோலுரிந்து இரும்பில் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள் தம்பி. கதவை நானும் ஒருமுறை மூடிப் பார்க்க வேண்டும்.